கடைசி ஃபாரம்

காலுகதான் தெரியுது. நானே மாட்டுன பேனர், கயிறு தளர்ந்து தாழ இறங்கிப் போச்சு. அதுக்குப் பின்னாடி சேர் போட்டு உக்காந்தா, வர்றவங்க போறவங்க எல்லாம் இடுப்புக்கு மேல இல்லாம நடக்கறாங்க. கொலுசு, தேய்ஞ்ச ஹவாய், பாலிஷ் போட்ட ஷூ, மிதிக்க மிதிக்க கீச்சுனு கத்தற ஒரு குழந்தைச் செருப்பு. சிவப்புக் கார்பெட் மேல எல்லாக் காலும் ஒரே சோர்வா நகருது. மத்தியான வெயிலு, தகரக் கூரை, மேல சுத்தற ஃபேனு சூட்டை அள்ளி அள்ளித் தலையில ஊத்துது. எந்திரிச்சுப் பேனரை ஏத்திக் கட்டோணும். கட்டலாம், சித்த நேரம் போகட்டும். புத்தகத் திருவிழாவுல மத்தியானம்னா வாங்கறவங்க வர மாட்டாங்க, நிழலுக்கு வர்றவங்கதான் வருவாங்க. அதோ ஒரு காலு நிக்குது. வெடிப்பு விழுந்த குதிகாலு, வேட்டிக் கரை, கையில மஞ்சப்பை. நில்லு சாமி, குனிஞ்சு பாரு, முன்னால மேசையில அட்டை தெரியற மாதிரி சாய்ச்சு வெச்சிருக்கேன் பாரு. குனிஞ்சாரு. "ஏனுங்க, கொடுக்காப்புளி இங்க எங்கீங்க?" அட கடவுளே. அது பழமில்லீங்க, எங்க பதிப்பகத்துப் பேருங்கன்னு சொன்னேன். "பேரா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு மஞ்சப்பை நகந்து போச்சு. கொடுக்காப்புளி பதிப்பகம். ஞாபகத்துல நிக்கற மாதிரி பேரு வெச்சுட்டா விளம்பரச் செலவு பாதி மிச்சம்னு யாரோ சொன்னதைக் கேட்டு வெச்சேன். நிக்குது, பழக்கடைன்னு நிக்குது. நல்லவேளை, பலாச்சுளைன்னு வெக்கலை, ஈ மொய்ச்சிருக்கும்.

பூங்கோதை சாயங்காலம் வர்றா. ஆபீஸ் முடிஞ்சு நேரா வர்றேன் ரேணுன்னு காலையிலயே போன் பண்ணிப் போட்டா.  மின்வாரிய ஆபீஸ்ல உக்காந்துட்டு, பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாம ஒரு நாவல் எழுதி முடிச்ச மகராசி அவ. அதுதான் இந்த மேசை முழுக்க அடுக்கி வெச்சிருக்கற 'ஏழாவது வீதித் தண்ணி'. ஊருக்குத் தண்ணி திறந்து விடற பாவாத்தாளோட கதை. புருசன் போன பொறகு அவன் வேலைக்கு வந்தவ. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, அதைத் தோள்ல போட்டுட்டு வீதி வீதியாப் போவா, குழிக்குள்ள விட்டுத் திருகுனாத்தான் வால்வு திறக்கும். கடைசி வீதிக்கு வர்றப்ப தொட்டியில தண்ணி இருக்காது. கடைசியில ஒருநாள் மத்த வீதி வால்வெல்லாம் இறுக்க மூடிட்டு, ஏழாவது வீதியை மட்டும் முழுசாத் திறந்து விட்டுட்டு, சாவியத் தோள்ல வெச்ச மேனிக்கு பஸ் ஏறிப் போயிர்றா. நான் சொன்னா அவ்வளவுதான் கதை. அவ எழுதுனதைப் படிச்சன்னிக்கு பல்லு விளக்கற பிரஷ்ஷை வாயில வெச்சுட்டு அப்படியே நின்னேன், நுரை கழுத்துல வழிஞ்சு ஓடறதுகூடத் தெரியலை. இப்ப அடுத்த நாவல் பாதி எழுதி வெச்சிருக்கா. அதே வீதி, பாவாத்தாள் பஸ் ஏறிப் போன மக்யா நாள் காலையில, சனம் பூரா ஓடற தண்ணிக்குள்ள நின்னுட்டு இருக்குது, யாரோ ஒருத்தர் வால்வுகிட்டப் போறாங்க. அங்க நிறுத்திப் போட்டா. ஏன் புள்ள நிறுத்திட்டேன்னு கேட்டேன். யாருக்காக எழுதறதுன்னு கேட்டா. எழுதறவங்க இல்லாத, சொந்தபந்தம் இல்லாத, உனக்கும் எனக்கும் முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆளு இதைப் படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்ப எழுதறேன், இல்லீனா டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கறேன், பிரமோஷனாச்சும் வரும்னு சொன்னா. அவ சொன்னாச் செய்வா. திருவிழா இன்னிக்கோட முடியுது. இன்னிக்கு வந்து கேப்பா. எனக்குப் பயமா இருக்குது, வேற என்ன சொல்றது.

கேட்டது பெரிய விசயமா? ஒரு ஆளு. ஊருல எத்தனை சனம் இருக்குது, ஒண்ணே ஒண்ணு வந்து நிக்க மாட்டேங்குது. நான் பண்ணாத வேலையா? என்ற ஜெராக்ஸ் கடைக்கு வர்றவங்க கையிலெல்லாம், அட்டை அடிச்சப்ப மிஞ்சுன துண்டுல வெட்டி வெச்ச புத்தக அடையாளத்தைத் திணிச்சு விட்டேன். ஆதார் கார்டு நகலெடுக்க வந்த அம்மா அதைத் திருப்பிப் பாத்துட்டு, "இதை எந்த ஆபீஸ்ல குடுக்கோணும்?"னு கேட்டுச்சு. தெரிஞ்ச ஆட்டோ பின்னாடி ஒட்டுனேன், மழை வந்து உரிச்சு எடுத்துட்டுப் போச்சு. முடி வெட்டற கடையில ஒரு பிரதி வெச்சேன், பேன் பாக்கற சீப்பு அதுக்கு மேலதான் இருக்குது. யூடியூப்ல புத்தகம் பத்திப் பேசற தம்பிக்குப் போன் பண்ணுனேன், "பேக்கேஜ் இருக்குதுங்க மேடம்"னு ஆரம்பிச்சான், பழம் வாங்கப் போறேன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். பத்திரிகைக்கெல்லாம் மதிப்புரைக்குன்னு முத்திரை குத்தி அனுப்புனேன், ஒண்ணு பழைய புத்தகக் கடையில முத்திரையோட சிரிச்சுட்டுக் கிடந்துச்சு, நானே திருப்பி வாங்கிட்டு வந்தேன். அதுவும் ஒரு விற்பனைதான்னு அன்னிக்கு மனசைத் தேத்திக்கிட்டேன் பாரு, அதை நினைச்சா இப்ப சிரிப்பு வருது. தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு ஒவ்வொரு கடையிலயும் நிக்கோணும்னு சட்டம். அதைக்கூட விடலை, அது மேல புத்தகத்து அட்டையைச் சுத்தி ஒட்டி விளம்பரம் பண்ணி வெச்சிருக்கேன். தீப்பிடிச்சா மொதல்ல அட்டையைத்தான் கிழிக்கோணும்.

வெளியீட்டு விழாவை நினைக்கவே கூடாது. நினைக்காம இருக்க முடியுதா? நாற்காலியில உக்காந்திருந்தவங்க பூரா மேடையில பேச வேண்டியவங்க. ஒருத்தர் பேசப் போனா கீழ ஒரு சேர் காலியாகும், அவர் இறங்குனா இன்னொண்ணு காலியாகும். முதல் பிரதி வாங்கிக்கிட்டவரு அதைக் கக்கத்துல வெச்ச மேனிக்கு போன்ல பேசிட்டே வெளிய போயிட்டாரு. பேச வந்த ஒருத்தர் கதையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும், பாவாத்தாள் எந்தப் பஸ்ல ஏறுனா, எந்தச் சீட்டுல உக்காந்தாங்கற வரைக்கும் சொல்லி முடிச்சுட்டு, "மீதியை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்"னாரு. மீதி என்ன இருக்குது, விலைதான் இருக்குது. பூங்கோதை முந்தானையைக் கையில முறுக்கிட்டே உக்காந்திருந்தா. வெளிய வந்ததும் ஒண்ணே ஒண்ணு சொன்னா. கடைசியை மட்டும் யாருக்கும் முன்னாடியே சொல்லாத ரேணு, அங்க வரோணும்னா அந்த வீதியெல்லாம் நடந்துதான் வரோணும், குறுக்கால வந்தா அது வெறும் பைத்தியக்காரி கதைன்னு சொன்னா. சத்தியம் பண்ணாத குறையாத் தலையாட்டுனேன். மக்யா நாள் ஃபேஸ்புக்ல அத்தனை பேரும் அட்டையைப் படம் பிடிச்சுப் போட்டாங்க, காப்பி டம்ளருக்குப் பக்கத்துல, துளசிச் செடிக்குப் பக்கத்துல, பூனைக்குப் பக்கத்துல. வாழ்த்துகள் தோழி, வாழ்த்துகள் தோழி. ஒருத்தரும் பிரிச்ச பக்கத்தைப் படம் பிடிக்கலை. பூனையாச்சும் படிச்சுதான்னு கேக்கோணும்னு தோணுச்சு.

அப்புறந்தான் இந்தக் கூத்து. எங்களை மாதிரி சின்னப் பதிப்பகத்துக்காரங்க ஒரு வேலை செய்வாங்க. புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாத்தான் அச்சாகும், ஒவ்வொரு பதினாறும் ஒரு ஃபாரம். முதல் ஃபாரத்தை மட்டும் கூடுதலா ஓட்டச் சொல்லி, மடிச்சு, சும்மா குடுத்துருவாங்க. படிச்சுப் பாத்தவங்க மீதிக்கு வருவாங்கன்னு ஒரு நம்பிக்கை. புத்தகம் அச்சுல இருந்தப்பவே நானும் அச்சகத்துத் தங்கமாரியப்பனுக்குப் போன் பண்ணி, ஒரு ஃபாரம் கூடுதலா ஓட்டிருங்கன்னு சொன்னேன். கடையில ஜெராக்ஸ் மெஷின் காயிதத்தைக் கவ்விட்டுக் கத்திட்டு இருந்துச்சு, அந்த அவசரத்துல எந்த ஃபாரம்னு சொல்லாம வெச்சுட்டேன். முதல் ஃபாரம்னு தனியாச் சொல்லோணுமா? சொல்லோணும். கட்டு நேத்துக் காலையிலதான் இங்கயே வந்து இறங்குச்சு. கயிறை அறுத்து மேல இருந்த ஒண்ணை எடுத்தா, பாவாத்தாள் பஸ் படியில காலை வெக்கறா. இன்னொண்ணை எடுத்தேன், அதுலயும் வெக்கறா. கட்டு முழுக்க பஸ் ஏறிட்டே இருக்கறா. தங்கமாரியப்பனைக் கூப்பிட்டா, "அக்கா, நீங்க ஒரு ஃபாரம்னுதான சொன்னீக, நீங்க கூப்பிட்டப்ப மெஷின்ல கடைசி ஃபாரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அப்படியே சேத்து ஓட்டிட்டேன், தாள் நல்லா இருக்குல்ல?"ன்னாரு. தாள் நெம்ப நல்லா இருக்குது. மேசைக்கடியில தள்ளி துணியை இழுத்து மூடிட்டு, டீ குடிக்கப் போறேன்னு போய், அழுகையா சிரிப்பான்னு தெரியாம டீக்கடை ஓரமா நின்னேன்.

திரும்பி வந்து பாத்தா கட்டைக் காணோம். பக்கத்துக் கடை சம்பந்தம் வாசல்ல நின்னுட்டு உள்ள வர்ற சனத்துக்கெல்லாம் ஒவ்வொண்ணாக் குடுத்துட்டு இருக்காரு. சமையல், ஜோசியம், முப்பது நாள்ல இங்கிலீஷுன்னு விக்கறவரு, நல்ல மனுசன், அதுதான் பிரச்சினை. "நோட்டீஸ் கட்டி வெச்சுட்டுக் குடுக்காமப் போயிட்டீங்களேனு நான் குடுத்துப்போட்டனுங்க மேடம், பூராத் தீந்துருச்சுங்க"ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாரு. என்ன சொல்லித் திட்டறது? நேத்துப் பூரா அந்தப் பதினாறு பக்கம் மைதானத்துல சுத்துச்சு. விசிறிட்டுப் போனாங்க. அதுல மொளகா பஜ்ஜி வெச்சுத் தின்னாங்க. வாசல் கேட்டுக்கிட்ட நிக்கற தீயணைப்பு வண்டி நிழல்ல, காக்கிச் சட்டைக்காரங்க ரெண்டு பேரு அதை விரிச்சுப் போட்டு உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டாங்க, வண்டியில இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா அது மேல விழுந்துட்டு இருந்துச்சு. நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். பூங்கோதைக்குத் தெரிஞ்சா? கடைசியை மட்டும் சொல்லாதன்னு சொன்னவகிட்ட, கடைசியை மட்டும் ஊருக்கே குடுத்துட்டேன்னு எந்த வாயில சொல்றது? சொல்ல மாட்டேன். ஒண்ணுகூட மிச்சமில்ல, எங்கயும் கிடக்கலைன்னு காலையில மைதானத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டேன், குப்பைத்தொட்டியைக்கூட எட்டிப் பாத்தேன்.

மைக்குல என்னமோ சொல்றாங்க. நீலச் சட்டை போட்ட குழந்தை, பேரு சொல்லத் தெரியலை, பெத்தவங்க எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். நானும் போய் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா என்ன? முன்பின் தெரியாத வாசகர் ஒருவர், வயது தெரியாது, எங்கிருந்தாலும் கொடுக்காப்புளிக்கு வரவும். சிரிக்கறேன். எதுத்த கடைக்காரப் பொண்ணு பாக்குது, தனியாச் சிரிக்கறாளேன்னு நினைச்சிருக்கும். கண்ணு சொருகுது. ஃபேன் காத்துல புத்தகத்து அட்டையெல்லாம் மெல்லத் தூக்கித் தூக்கி விழுது, மூச்சு விடற மாதிரி. சம்பந்தத்துக்கிட்டச் சொல்லி வெச்சாச்சு. அது தப்புதான், ஆனாச் சொல்லி வெச்சாச்சு. பூங்கோதை அவரைப் பாத்ததில்ல. அவ வந்ததும் சும்மா வாசகர் மாதிரி வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு கேட்டுட்டேன். "அதுக்கென்னங்க, ஸ்கூல்ல நாடகத்துல நான் வக்கீலுங்க"ன்னு காலையில இருந்து பயிற்சி எடுக்கறாரு. கதை நெஞ்சைத் தொட்டுருச்சுங்க, கதை நெஞ்சைத் தொட்டுருச்சுங்க. முப்பது நாள் இங்கிலீஷை அடுக்கிட்டே சொல்லிப் பாக்கறது காதுல விழுது. படிக்கவாச்சும் படிங்கன்னேன். மேடம், யாவாரத்துக்கு நடுவுல எங்கீங்கன்னாரு. நான் எதுக்கு இதெல்லாம் பண்றேன்? அவளுக்காகன்னு சொல்லிக்கறேன். எனக்காகவும்தான். நானும் இத்தனை காலம் யாருமில்லாத வீட்டுக்கு விருந்து சமைச்சுட்டு இருந்தேன்னு தெரிஞ்சு போயிருமேன்னுதான். அந்தப் பாதி நாவல்ல வால்வுகிட்டப் போனவங்க யாரு? ஆம்பளையா, பொம்பளையா, குழந்தையா? அது தெரியாமயே நான் செத்துப் போயிருவேனா? தண்ணி சத்தம் கேக்குது. கார்பெட் ஓரமா மொதல்ல ஒரு கோடாட்டம் வருது, பொறகு அகலமா வருது, எல்லாக் காலும் தண்ணிக்குள்ள நடக்குது, கொலுசு நனையுது, குழந்தைச் செருப்பு மிதந்து போகுது, கீழ் அடுக்குல இருக்கற புத்தகமெல்லாம் ஊறி உப்பி ஒண்ணொண்ணா விரியுது, ஏழாவது வீதித் தண்ணி, யாராச்சும் மூடுங்களேன்னு கத்தறேன், வாயைத் திறந்தா பிரஷ்ஷு நுரைதான் வருது, யாருமே குனிஞ்சு பாக்கலை, எல்லாரும் இடுப்புக்குக் கீழதான் இருக்காங்க, எப்புடிக் குனிவாங்க.

முழிச்சுட்டேன். வாய்க்கோரம் எச்சி. வெளிச்சம் மாறிப் போச்சு, தகரத்துல இருந்து சூடு இறங்கிருச்சு, காலுக கூடிருச்சு. சத்தமும் கூடிருச்சு, அப்பளம் பொரிக்கற வாசனை வருது. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு பச்சை வார் செருப்பு நேரா என்னைப் பாத்து வருது. பூங்கோதை காலு எனக்குத் தெரியாதா, கட்டை விரலுக்குப் பக்கத்து விரலு நீளம். பேனருக்கடியில குனிஞ்சு உள்ள வந்தா. "பேனரை இவ்வளவு கீழயா கட்டுவ, மாட்டுக்கொட்டாய்க்குள்ள வர்ற மாதிரி இருக்குது"ன்னா. ஆபீஸ் பை, நெத்தியில வேர்வை, கையில எனக்குன்னு ஒரு பொட்டலம் வேற. உக்காந்தா. புத்தக அடுக்கைப் பாத்தா, எங்கயும் குறையலைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். "வந்தாங்களா?"ன்னு கேட்டா, அவ்வளவுதான் கேட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சம்பந்தம் வந்துட்டாரு. துண்டை எடுத்து வேற தோள்ல மாத்திப் போட்டிருக்காரு, வேசமாம். "வணக்கமுங்க, நான் முன்பின் தெரியாத ஆளுங்க"ன்னாரு. ஐயோ. "உங்க கதை நெஞ்சைத் தொட்டுருச்சுங்க, அந்தக் கதாநாயகன் செத்துப் போற எடத்துல அழுதுட்டனுங்க." பூங்கோதை அவரைப் பாத்தா, என்னைப் பாத்தா. அந்த நேரம் பாத்து ஒரு அம்மா எட்டிப் பாத்து, "சம்பந்தண்ணே, சமையல் புத்தகம் ஒட்டுக்கா மூணு எடுத்தா என்ன குறைப்பீங்க?"ன்னு கேட்டுச்சு. "இதா வந்துட்டனுங்க"ன்னு அவரு ஓடுனாரு.

அவ கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. பொட்டலத்தை மேசை மேல வெச்சா, அதுல உளுந்து வடை, சூடு இன்னும் இருந்துச்சு. "பாவம் ரேணு நீ"ன்னு சொன்னா. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. "நான் கேட்டது தப்பு, உன்னை ஆள் பிடிக்க விட்டுட்டேன்"னா. இல்ல புள்ள, இல்ல, இருன்னு கையப் பிடிச்சேன், பிடிக்க என்ன உரிமை இருக்குதுன்னு விட்டுட்டேன்.  "பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு, நல்லதுதான், ராத்திரியானா நிம்மதியாத் தூங்கலாம்"னு சொல்லிட்டே பையைத் தோள்ல மாட்டுனா. அப்ப பேனருக்கடியில ரெண்டு கறுப்பு பூட்ஸு வந்து நின்னுச்சு. அதுக்கு மேல காக்கி. எனக்குப் பகீர்னுச்சு. சிலிண்டர். அட்டை ஒட்டுன சிலிண்டர் கண்ணு முன்னாடி கம்பீரமா நிக்குது. "மேடம், இந்தக் கடைக்காரங்க யாருங்க?"ன்னு ஒரு குரலு, மூஞ்சி தெரியலை. நான்தானுங்க சார், அதை இப்பயே கிழிச்சர்றனுங்க, சும்மா ஒரு அழகுக்குத்தான் ஒட்டுனனுங்கன்னு எந்திரிச்சுப் பேனரைத் தூக்கிப் பிடிச்சேன். முழு ஆளாத் தெரிஞ்சாரு. இளவயசு, சட்டையில அருள்செல்வன்னு பேரு, மூஞ்சி நெம்பக் கடுகடுன்னு இருக்குது. பாக்கெட்டுல இருந்து எதையோ எடுத்துப் பிரிச்சாரு. தண்ணி பட்டுக் காஞ்சு மொறுமொறுன்னு ஆன தாளு, ஓரத்துல தயிர்க் கறை. நான் குப்பைத்தொட்டி வரைக்கும் தேடுன தாளு.

"இதை நீங்கதான குடுத்தீங்க? கீழ உங்க பேருதான போட்டிருக்குது?"ன்னாரு. தலையாட்டுனேன். பூங்கோதை எட்டிப் பாத்தா. தாளைப் பாத்தா, பக்க எண்ணைப் பாத்தா, பஸ் படியைப் பாத்தா. என்ற மூஞ்சியைப் பாத்தா. என்ற மூஞ்சியில ரத்தமே இருந்திருக்காது. இவரையும் நீதான் வரச் சொன்னயான்னு கேக்கத்தான் அவ வாயெடுத்திருப்பா, எனக்குத் தெரியும், ஆனா கேக்கலை. இந்தத் தாளை அவ கண்ணுக்குக் காட்டறதுக்கு நானே ஆள் அனுப்புவனா? அவ அப்படியே பையோட நின்னா. அந்தத் தம்பி அவளைக் கவனிக்கவே இல்ல. "முன்னாடி பக்கமெல்லாம் எங்கீங்க? நேத்து மத்தியானத்துல இருந்து இதே ரோதனையா இருக்குது. கீழ போட்டு உக்காந்ததுதான், சாப்பிட்டு எந்திரிக்கறப்ப ஒரு வரி கண்ணுல பட்டுச்சு, பொறகு விட முடியலை. எங்க வண்டி டிரைவரும் படிச்சுட்டாரு. அவரு அந்தம்மா போனது சரிங்கறாரு. நான் தப்புங்கறேன். ஏனுங்க, அத்தனை தண்ணியையும் திறந்து விட்டுட்டு, சாவியையும் தூக்கிட்டு பஸ் ஏறுனா என்னங்க அர்த்தம்? சனம் இத்தனை நாளாத் தண்ணியில்லாம இருந்துச்சு, சரி, ஆசை தீரப் புடிச்சுக்கும். புடிச்ச பொறகு? மூடறது யாருங்க? யார்கிட்டயும் சாவி இல்ல. நைட் பூரா எனக்கு அந்தத் தண்ணி ஓடற சத்தந்தாங்க கேட்டுச்சு. இப்படியுமா ஒரு மனுசன் கதை எழுதுவான்?"

 மைக்குல நீலச் சட்டைக் குழந்தையோட அம்மா ஒருவழியா வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. சம்பந்தம் சமையல் புத்தகத்தைக் கையில வெச்சுட்டு அப்படியே பாத்துட்டு நிக்கறாரு. நான் கீழ குனிஞ்சு, முதல் பக்கத்துல இருந்து இருக்கற முழுப் புத்தகத்தை எடுத்து அந்தத் தம்பி கையில வெச்சேன். அந்தத் தம்பி அதைப் பிரிச்சு மொதல்ல கடைசிப் பக்கத்தைத்தான் பாத்தாரு, அதுக்கு மேல ஏதாச்சும் இருக்குதான்னு. இல்ல. "இதுலயும் மூடலையே"ன்னாரு. அப்பத்தான் பூங்கோதை பேசுனா. குரலு அவ குரலாவே இல்ல. "அதை இன்னும் எழுதலைங்க"ன்னா. தம்பி அவளைத் திரும்பிப் பாத்தாரு, ஆபீஸ் பை, வேர்வை, கலைஞ்ச கொண்டை. "நீங்களா?"ன்னாரு. "நாந்தாங்க." தோள்ல இருந்த பையைக் கழட்டி மேசை மேல வெச்சா. திட்டுனதுக்கு மன்னிப்புக் கேப்பாருன்னு நினைச்சேன், கேக்கலை. கடுகடுன்னே இருந்தாரு, புத்தகத்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, பேனருக்குக் குனிஞ்சுக்கிட்டே திரும்பிச் சொன்னாரு: "சீக்கிரம் எழுதுங்க மேடம். தண்ணி போயிட்டே இருக்குது."